இரண்டாவது நாற்காலி எங்கே?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர் வீட்டுக்குப் போனால், ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு என்று நான் கேட்பதில்லை. மேஜைக்கு முன்னால் எத்தனை நாற்காலி இருக்கிறது என்றுதான் பார்ப்பேன். பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். அதில் குழந்தை தனியாக உட்கார்ந்திருக்கும். அப்பா ஹாலில் மொபைலோடு இருப்பார். "பிள்ளைக்காகத்தான் சார் வாங்கினோம்" என்பார். வாங்கியது சரி. பிள்ளை பக்கத்தில் உட்காருவது யார்?

அடுத்தவரைக் குறை சொல்லும் முன் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் மகளுக்கு அப்போது எட்டு வயது. டக்ஸ் பெயின்ட் என்ற இலவச புரோகிராமை அவளுக்காக இன்ஸ்டால் செய்தேன். 2002ல் பில் கென்ட்ரிக் என்பவர் சிறுவர்களுக்காகத் தொடங்கிய புரோகிராம் இது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். ஒருமுறை இன்ஸ்டால் செய்துவிட்டால் வரைவதற்கு இன்டர்நெட் தேவையில்லை. சேவ் செய்யும்போது பைலுக்கு என்ன பெயர், எந்த போல்டர் என்றெல்லாம் கேட்டுக் குழந்தையைக் குழப்பாது. வரைந்த படங்களைச் சிறு சிறு படங்களாகக் காட்டும். வேண்டியதைத் தொட்டுத் திறந்து கொள்ளலாம்.

மகள் ஒரு வீடு வரைந்தாள். கூரை கோணலாக இருந்தது. "இப்படி இல்லம்மா, இங்கே பார்" என்று மவுஸை வாங்கினேன். அவள் வரைந்ததை அழித்து, கோடு போடும் டூலால் நேராக ஒரு கூரை போட்டேன். "இப்போ எப்படி இருக்கு?" என்று பெருமையாகக் கேட்டேன். "அது உங்க வீடுப்பா" என்று சொல்லிவிட்டு நாற்காலியிலிருந்து இறங்கிப் போய்விட்டாள். அதன் பிறகு இரண்டு வாரம் கம்ப்யூட்டர் பக்கமே வரவில்லை.

என் அம்மாதான் தவறைச் சுட்டிக் காட்டினார். "ஏண்டா, கோலம் சொல்லிக் குடுக்கறப்போ மாவை நாமே வச்சுக்கிட்டா புள்ளை எப்போ கத்துக்கும்?" கம்ப்யூட்டரைத் தொட்டே அறியாத அம்மா சொன்ன இந்த ஒரு பாடத்தை எந்த மேனுவலிலும் நான் படித்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேஜை முன் மூன்று நாற்காலி போட்டோம். நடுவில் மகள், இரு பக்கமும் நானும் அம்மாவும். மவுஸ் மகள் கையில். இந்த முறை ஸ்க்ராட்ச் என்ற இலவச புரோகிராமைத் திறந்தோம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் உருவாகி 2007ல் பொதுமக்களுக்கு வெளியானது இது. பிரவுசரிலேயே பயன்படுத்தலாம், டவுன்லோட் செய்து இன்டர்நெட் இல்லாமலும் இயக்கலாம். கட்டளைகளை டைப் செய்ய வேண்டியதில்லை. வண்ணக் கட்டைகளை ஒன்றன் கீழ் ஒன்றாக இழுத்து ஒட்ட வேண்டியதுதான்.

இடது பக்கம் கீழே உள்ள எக்ஸ்டென்ஷன் பட்டனைக் கிளிக் செய்து 'பென்' என்பதைத் தேர்ந்தெடுத்தாள். பேனாவைக் கீழே வை, 100 அடி நகர், திரும்பு. நகர்வதையும் திரும்புவதையும் நான்கு முறை செய். சதுரம் வர வேண்டும். மகள் திரும்பும் அளவை 80 டிகிரி என்று கொடுத்தாள். 90 என்று சொல்ல என் நாக்கு துடித்தது. கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் இருந்தேன். திரையில் கோடு ஓடி நின்றது. "ஆரம்பிச்ச இடத்துல வந்து சேரலையே கண்ணு" என்றார் அம்மா. மகள் 85 போட்டாள், பிறகு 90. சதுரம் மூடிக்கொண்டது. கைதட்டியது அம்மாதான்!

அடுத்து, ஒரு சதுரம் முடிந்ததும் 10 டிகிரி திரும்பு, இதையே 36 முறை செய் என்று கட்டைகளை அடுக்கினோம். 36 பத்து 360, அதாவது ஒரு முழுச் சுற்று. திரையில் ஒரு பெரிய பூ விரிந்தது. "இதுக்குப் போய் இத்தனை மெஷினா?" என்று அம்மா சிரித்தார். ஆனால் அன்று முழுக்க இடத்தை விட்டு எழவில்லை.

அம்மா கோலத்தை இழுத்தது பொருத்தம்தான். சென்னை கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, கோலத்தையும் கம்ப்யூட்டர் அறிவியலின் இலக்கண விதிகளையும் இணைத்து 1974லேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார். குழந்தைகளுக்காக 1967ல் லோகோ மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான சேமூர் பேப்பர்ட்டும், கம்ப்யூட்டர் குழந்தையை இயக்கக் கூடாது, குழந்தைதான் கம்ப்யூட்டரை இயக்க வேண்டும் என்று வாதாடியவர்.

"எனக்கே கம்ப்யூட்டர் தெரியாதே, நான் உட்கார்ந்து என்ன செய்ய?" என்று சிலர் கேட்கலாம். அதுதான் உங்களுக்கு நல்ல தகுதி! தெரிந்தவன் மவுஸைப் பிடுங்குவான், நான் பிடுங்கினேன். தெரியாதவர் கேள்வி கேட்பார். பதில் சொல்லிச் சொல்லியே குழந்தை கற்றுக்கொள்ளும். "படிப்பு கெட்டுவிடுமே" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அன்று என் மகள் கற்றது கோணமும் பெருக்கலும்தான். பாடம் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை, அவ்வளவே.

எனவே வாரம் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அந்த அரை மணி நேரம் மொபைலை வேறு அறையில் வையுங்கள். குழந்தை வரைந்ததைத் திருத்தாதீர்கள், "இது என்ன?" என்று மட்டும் கேளுங்கள். பிரிண்டர் இருந்தால் படத்தை அச்செடுத்து, தேதி எழுதிக் கதவில் ஒட்டுங்கள்.

அந்தக் கோணல் கூரை வீடு இப்போது என்னிடம் இல்லை. அதை அழித்தவன் நான்தான். உங்கள் வீட்டுக் கோணல் கூரையையாவது பத்திரமாக சேவ் செய்து வையுங்கள். அதற்கு முன், இன்னொரு நாற்காலியை எடுத்துக் கம்ப்யூட்டர் முன்னால் போடுங்கள்.