முதல் வேலையைக் கொடுப்பவர் யார்?

“கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்” என்பது யாழ்ப்பாணத்து மண்ணில் பிறந்த பழமொழி. மாதம் பிறந்தால் சம்பளம், முதுமை வந்தால் ஓய்வூதியம், கலியாணப் பேச்சில் தனி மதிப்பு என்று இப் பழமொழியையே வேதமாகக் கொண்டு நம் முன்னோர் வாழ்ந்தனர். 1956ஆம் ஆண்டுச் சிங்களம் மட்டும் சட்டம் அந்த உத்தியோகக் கதவைத் தமிழனுக்குப் பெரிதும் அடைத்தது. கதவு அடைபட்ட பின்னும் அதன் முன்னே வரிசையில் நிற்கும் பழக்கம் மட்டும் நம்மை விட்டு அகலவில்லை.

இந்த வரிசையை விட்டு விலகி, கையில் ஒரு தொழிலோடு தனித்து நிற்கத் துணிகின்ற இளைஞர் இன்று நம்மிடையே தோன்றியிருக்கின்றனர். அவருள் ஒருவனை எண்ணிப் பாருங்கள். குழாய் பொருத்தும் தொழிலைப் பயின்றான். தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழும் பெற்றான். சில ஆண்டுகள் ஓர் ஒப்பந்தகாரரின் கீழ் நாட்கூலிக்கு உழைத்தான். இனி எவருக்கும் கீழன்றித் தன் பெயரிலேயே தொழில் செய்வேன் என்று பிரதேச செயலகத்தில் வணிகப் பெயரும் பதிந்தான். குறடும் வாளும் திருகிகளும் வாங்கக் கடனும் பட்டான். எல்லாம் ஆயிற்று. ஆனால் அவனை அழைப்பவர் யார்? முதல் வேலையை அவனுக்குக் கொடுப்பவர் யார்?

இக் கேள்வி அவன் ஒருவனுடைய வயிற்றுப்பாட்டைப் பற்றியதன்று. ஆறு மாதம் வேலையின்றி இருப்பானாயின் கருவிகளை விற்பான். கடனுக்கு மேற் கடன் வாங்கிக் கடல் கடப்பான். அதன் பின்னர் “ஒரு குழாய் பழுதானால் பார்க்க ஊரில் ஆள் இல்லையே” என்று நாமே அங்கலாய்ப்போம்.

மக்கள் புதியவனை அழைக்கத் தயங்குவது பகைமையாலன்று. குழாய் வேலையின் இயல்பே அத் தயக்கத்தைப் பிறப்பிக்கின்றது. ஓடாவி செய்த கதவு கண்முன்னே நிற்கும். அதன் கோணலை அன்றே காணலாம். குழாய் வேலையோ சுவருக்குள்ளும் நிலத்துக்கடியிலும் மறைந்துவிடுகின்றது. சரியாக ஒட்டாத ஒரு பொருத்து ஆறு மாதம் கழித்தே சுவரில் ஈரமாய்த் தலைகாட்டும். அப்போது ஓட்டை அடைக்கும் செலவினும் சுவரை உடைக்கும் செலவு பெரிதாகும். ஆதலின் மக்கள் தொழில் தெரிந்தவனைத் தேடுவதினும் தமக்குத் தெரிந்தவனைத் தேடுகின்றனர். இது மடமையன்று; முன்னெச்சரிக்கையே.

இந்த உண்மையை உணராத புதிய தொழிலாளி முதலிற் செய்கின்ற தவறு விலையைக் குறைப்பதாகும். ஒரு கணக்குப் பார்ப்போம். பத்தாயிரம் ரூபா கேட்க வேண்டிய வேலைக்கு உதவியாள், எரிபொருள், கருவித் தேய்மானம் என அவனுக்கு ஆறாயிரம் செலவாகின்றது என்று வைத்துக்கொள்வோம். கையில் நிற்பது நாலாயிரம். வாடிக்கையாளரை ஈர்க்க ஏழாயிரத்துக்கு இறங்கினால் நிற்பது ஆயிரம். மூவாயிரம் குறைத்தவன் ஒரு வேலையின் ஊதியத்தைப் பெற நான்கு வேலை செய்ய வேண்டியவனாகின்றான். நான்கையும் அவசரத்தில் முடிப்பான். மலிந்த குழாயை வாங்குவான். பசை காயுமுன் நீரைத் திறப்பான். விலையாற் பெற்ற வாடிக்கையாளன், இன்னும் மலிவான ஒருவன் வந்தவுடன் விலையாலேயே போய்விடுவான்.

அங்ஙனமாயின் வாடிக்கையாளரை எங்கே தேடுவது? நீர் எங்கே வீணாகின்றதோ அங்கே தேடுக.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புப் பாறையில் தேங்கும் மழைநீரே நம் கிணறுகளுக்கு உயிர். அந் நீரின் சுண்ணாம்பு குழாய் வாய்களிலும் வால்வுகளிலும் வெண்படலமாய்ப் படிந்து அவற்றைக் கெடுக்கின்றது. நொடிக்கு ஒரு துளி சொட்டும் குழாயைப் பலர் பொருட்படுத்துவதில்லை. நான்கு துளி ஒரு மில்லிலீற்றர் என்று கொண்டால் நாளொன்றுக்கு 21 லீற்றருக்கு மேல் வீணாகின்றது. ஆண்டொன்றுக்கு ஏழாயிரத்து எண்ணூறு லீற்றரையும் தாண்டும். தேய்ந்த ஒரு றப்பர் வாசரை மாற்றுவது அரைமணி வேலை. பெரிய ஒப்பந்தகாரர் இதற்கு வரமாட்டார். அவர் வராத இடமே புதியவனுக்குத் திறந்திருக்கும் வாசல். சொட்டும் குழாயைச் சொன்ன நாளில் வந்து திருத்தியவனையே வீட்டுக்காரர் நாளை புதிய குளியலறைக்கும் அழைப்பார்.

2009க்குப் பின்னர் இந்திய உதவியுடன் மட்டும் வடக்கிலும் கிழக்கிலும் ஏறத்தாழ 46,000 வீடுகள் எழுந்தன. அவை எழுந்த காலத்தில் வேலை தானே தேடி வந்தது. வாடிக்கையாளரைத் தேடும் கலையை எவரும் கற்க வேண்டியிருக்கவில்லை. இன்று அவ் வீடுகளிற் பல பத்தாண்டைக் கடந்துவிட்டன. வெயிலிற் கிடந்த குழாய்கள் வெடிக்கும் காலமும், மிதவை வால்வுகள் பழுதாகித் தாங்கி நிரம்பி வழியும் காலமும் இதுவே. புதுக் கட்டிடத்தையே எதிர்பார்த்திருப்பவன் பட்டினி கிடப்பான். பழைய கட்டிடத்தைப் பார்க்கக் கற்றவன் பிழைப்பான்.

அடுத்து, பூட்டிக் கிடக்கும் வீடுகள். உரியவர் இலண்டனிலோ தொரன்ரோவிலோ இருக்க, ஊரில் ஒரு உறவினர் திறப்பை வைத்திருக்கின்றார். ஆடி, ஆவணியில் நல்லூர்க் கந்தன் திருவிழாவுக்கு உரியவர் வந்திறங்கும் இரவிலேதான் தாங்கியில் நீர் ஏறாததும், காய்ந்து வெடித்த வளையங்களால் நீர் கசிவதும் தெரியவருகின்றன. திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்னே திறப்பு வைத்திருப்பவரிடம் சென்று, “இன்ன தொகைக்கு எல்லாக் குழாயையும் சோதித்துத் தருகிறேன், திருத்த வேண்டியவற்றைப் படமெடுத்து அவருக்கு அனுப்பி, அவர் சம்மதித்த பின்னரே கைவைப்பேன்” என்று சொல்பவனுக்கு வேலை இல்லாமற் போகாது.

கமக்காரர் பெருமக்களையும் இங்கே மறத்தலாகாது. இறைப்பு இயந்திரம் காலையில் நீரை இழுக்காவிடின் இயந்திரமே கெட்டதென்று கருதி அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுகின்றோம். பெரும்பாலும் குற்றம் கிணற்றுக்குள் இருக்கும் கால் வால்விலேயே உண்டு. சருகோ மணலோ சிக்கி அது மூடாதுவிட்டால், குழாயில் நின்ற நீர் இரவில் இறங்கிவிடும். உறிஞ்சு குழாயின் பொருத்தில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் இயந்திரம் நீருக்குப் பதிலாகக் காற்றையே இழுக்கும். புதிய இயந்திரம் வாங்க இருந்தவரைத் தடுத்து, சிறு செலவில் வெங்காயப் பாத்திக்கு நீர் பாயச் செய்தவனுடைய பெயர் மறுநாளே ஊர்ச் சந்தைக்குப் போய்ச் சேரும். அதற்கு நிகரான விளம்பரம் எந்தப் பத்திரிகையிலும் இல்லை.

காலமும் புதிய வழியொன்றைத் திறக்கின்றது. 2024 ஆகஸ்டில் தாளையடியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நன்னீரைத் தரவல்ல நிலையம் திறந்துவைக்கப்பட்டது. தெருவிலிருந்து மானி வரைக்கும் வேலை நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையைச் சேர்ந்தது. மானிக்கு உட்பட்ட வேலை வீட்டுக்காரரைச் சேர்ந்தது. கிணற்று நீரையும் குழாய் நீரையும் ஒன்றோடொன்று கலவாமல் வீட்டுக்குள் பகிர்ந்து கொடுக்கத் தெரிந்தவன், இணைப்புப் பெறும் ஒவ்வொரு தெருவிலும் தேவைப்படுவான்.

இடங்களைச் சொன்னோம். அவ்விடங்களுக்கு அவனை அழைத்துச் செல்பவர் யார்? குழாயும் பசையும் விற்கும் கடைக்காரர், மேசன், மின்சார வேலை செய்பவர் ஆகியோரே. “நல்ல ஆள் எவரேனும் உண்டா?” என்று வீட்டுக்காரர் கேட்பது இவர்களிடத்திலே. மேசன் பூசிய சுவரைத் தேவையின்றி உடையாதவன், கடைக்காரருக்குக் கடனைத் தவணை தவறாமற் கொடுப்பவன், மற்றவன் தொழிலை வீட்டுக்காரர் முன் பழியாதவன் ஆகியோருக்கே இவர்கள் வாயிலிருந்து பரிந்துரை பிறக்கும்.

கிடைத்த வாடிக்கையாளரைக் காப்பது எப்படி? மறைந்த வேலையை வெளியே காட்டுவதால். தொடங்குமுன் சாமான் இவ்வளவு, கூலி இவ்வளவு என்று மதிப்பீட்டை எழுதிக் கொடுக்க வேண்டும். கழற்றிய பழைய வால்வை வீட்டுக்காரர் கையில் கொடுத்துப் பழுதைக் காட்ட வேண்டும். சுவர் பூசுமுன் குழாயில் நீரை அழுத்தத்துடன் நிரப்பி ஓரிரவு விட்டுக் காலையில் இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். குழாய் எச்சுவரில் எவ்வழியே போகின்றதென்று ஒரு தாளில் வரைந்து கொடுக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து, அழைக்காமலே ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். இவற்றுள் எதற்கும் பெருஞ் செலவில்லை. வர இயலாத நாளில் “வர இயலாது” என்று முன்னதாகச் சொல்லுதற்கும் செலவில்லை. “நாளை வருகிறேன்” என்று சொல்லி ஒருவாரம் மறைந்தவன் இழப்பது ஒரு வீட்டையன்று. அவ் வீட்டார் பேசும் பத்து வீடுகளை.

இவ்வளவும் தொழிலாளியின் கடமை. நம் கடமை யாது?

“எங்கள் வீட்டுச் சுவரையா அவன் தொழில் பழகுவதற்குக் கொடுப்பது?” என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. சுவரைக் கொடுக்க வேண்டாம். முற்றத்துக் குழாயைக் கொடுங்கள். வெளியே தெரியும் சிறு வேலையை முதலிற் கொடுத்து, அது நன்றாயின் அடுத்ததைக் கொடுங்கள். நம்பிக்கையைச் சிறுசிறு பங்காய்க் கொடுப்பதில் எவருக்கும் நட்டமில்லை. ஒன்றையும் கொடாது, “அனுபவம் உண்டா?” என்று மட்டும் கேட்பது நீந்தப் பழகிய பின்னரே குளத்தில் இறங்கு என்பது போன்றது.

வேலை முடிந்த அன்றே கூலியைக் கொடுங்கள். மருத்துவருக்கும் சட்டத்தரணிக்கும் கேட்டதைக் கேட்டபடி கொடுக்கும் நாம், குழாய் வேலை செய்தவனை மட்டும் “அடுத்த கிழமை வா” என்று நடக்கவைக்கின்றோம். அவனுடைய முதலே அவ்வளவுதான். அது நம்மிடம் முடங்கினால் அடுத்த வீட்டுக்குக் குழாய் வாங்க அவனிடம் பணமில்லை. அவன் வாடிக்கையாளரை இழப்பதற்கு அங்கே நாமே காரணராகின்றோம்.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. மலசலகூடத்தைத் திருத்த வந்தவனுக்குத் தேநீரை வேறு குவளையிற் கொடுக்கும் கை இன்னும் நம்மிடையே முற்றாய் மறைந்துவிட்டதா? அந்தக் கையே மேடையில் ஏறி “தமிழர் எல்லாரும் ஒன்று” என்று உயர்கின்றது. கழிவுநீர் கிணற்றோடு கலவாமற் காப்பவன் நம் பிள்ளைகளின் உயிரைக் காப்பவன். அவனுக்கு மரியாதை மறுக்கும் சமூகத்தில் எந்தத் தாய் தன் மகனை அத் தொழிலுக்கு அனுப்புவாள்? வேலையை மட்டும் கொடுத்து மதிப்பை மறுத்தால் அவன் வேலையையும் நம்மையும் விட்டுப் போவான்.

ஊர் தோறும் சனசமூக நிலையங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் இருக்கின்றன. அவ்வூரிலே தொழில் கற்ற பிள்ளைகளின் பெயரையும் தகைமையையும், அவரவர் சம்மதத்தோடு, ஒரு பலகையில் எழுதி வைப்பதற்கு எந்தச் சட்டத்தின் அனுமதியும் வேண்டியதில்லை. பாடசாலையிலும் கோயிலிலும் பழுதாய்க் கிடக்கும் குழாய்களைத் திருத்தும் வேலையை, கூலி கொடுத்தே, அவர்களிடம் ஒப்படைக்கலாம். நூறு பேர் கண்முன்னே செய்த வேலை நூறு வீடுகளுக்கு அறிமுகம்.

கற்றோரே, கமக்காரரே! வெளியார் நமக்கு எதைத் தந்தார், எதை மறுத்தார் என்று கணக்கெழுதுவது வேண்டியதே. அக் கணக்கோடு, நம் பிள்ளைக்கு நாம் எதைத் தந்தோம் என்ற பக்கத்தையும் எழுதுவோம். உங்கள் வீட்டுக் குழாயொன்று இப்போதே சொட்டிக்கொண்டிருக்கக்கூடும். உங்கள் ஊரில் தொழில் கற்ற ஒருவன் அழைப்புக்காகக் காத்துக்கொண்டும் இருக்கக்கூடும். அவனை அழையுங்கள், வேலையை நன்கு சோதியுங்கள், கூலியைக் கையிற் கொடுங்கள், நன்றாயின் அயலாருக்குச் சொல்லுங்கள்.