கனம் வேறு, கரடு வேறு!



தீபத் திருவிழாவில் நீங்களும் பலூன் சுட்டிருப்பீர்கள். பத்துக்கு மூணுகூட உடையாமல், "குழலை வளைச்சு வச்சி ஏமாத்துறான்டா!" என்று திட்டிவிட்டும் போயிருப்பீர்கள். அப்படித் திட்டு வாங்கியவர்களில் ஒருவர் என் அப்பா. மேல்மலையனூர் அமாவாசை, படவேடு ஆடி வெள்ளி, நம்ம ஊர் கார்த்திகைத் தீபம் என்று ஊர் ஊராகப் போகும் அந்தப் பலூன் கடையால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

எங்கள் கடையில் கோளாறு குழலில் இல்லை, விசையில். குழலை மடக்கும்போது பிஸ்டன் பின்னால் போய் ஸ்பிரிங்கை நெருக்குகிறது. அதை 'சியர்' என்ற சிறு கொக்கி பிடித்து நிறுத்துகிறது. விலை குறைந்த துப்பாக்கிகள் பலவற்றில் ஸ்பிரிங்கின் பலம் நேராக அந்தக் கொக்கியின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். உராய்வு என்பது உராய்வுக் கெழுவை அழுத்தத்தால் பெருக்குவது என்று படித்தோமே, அதேதான். அழுத்தமும் அதிகம், முகமும் சொரசொரப்பு. விரல் திக்கித் திக்கி இழுப்பதற்குள் குழல் முனை ஒதுங்கிவிடுகிறது.

"காலேஜ் படிக்கிற புள்ள, இதக் கொஞ்சம் பாருடா" என்றார் அப்பா. நானும் பெரிய மேதாவி மாதிரி சியரைக் கழற்றி அரத்தால் ராவினேன். விசை பூ மாதிரி ஆனது. ஊரெல்லாம் பெருமை அடித்தேன்.

நாலாம் நாள், மடக்கிய குழலில் அப்பா ரவை போடும்போது கொக்கி வழுக்கியது. குழல் படாரென்று மேலே அடித்து, அவர் கட்டைவிரல் நகம் பிய்ந்துபோனது. அவர் என்னைத் திட்டவில்லை. "பையன் படிக்கிறான், போகப் போகக் கத்துக்குவான்" என்று பக்கத்துக் கடைக்காரரிடம் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

என் தப்பு என்ன? சியருக்கு மேல்தோல் மட்டும்தான் கடினப்படுத்தப்பட்டிருந்தது. நான் ராவியது அந்தத் தோலை. உள்ளே இருந்த மெத்தென்ற எஃகு சீக்கிரமே மழுங்கிவிட்டது. பிடிமானத்தின் கோணமும் மாறிப்போனது.

கனம் வேறு, கரடு வேறு. குறைக்க வேண்டியது கரடு. புது சியர் வாங்கி, கோணம் மாறாமல் நைசான எண்ணெய்க்கல்லில் முகத்தை மெருகேற்றினேன். தொடும் இடத்தில் மட்டும் மாலிப்டினம் கிரீஸ். சிலிண்டருக்குள் எண்ணெய் விடக்கூடாது. அழுத்தத்தில் காற்று சூடேறி, டீசல் என்ஜின் மாதிரி உள்ளே பற்றிக்கொள்ளும்.

"ஒலிம்பிக் துப்பாக்கியில் விரல் பட்டாலே போதுமாமே?" என்று கேட்பீர்கள். 2008-ல் பெய்ஜிங்கில் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ரா சுட்டதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் சுடுவதும் அழுத்தக் காற்றுத் துப்பாக்கி. அதன் சியர் மேல் இவ்வளவு பெரிய ஸ்பிரிங் முட்டிக்கொண்டு நிற்காது. பிடிப்பதும் பழகிய கை. எங்கள் கடையில் பிடிப்பதோ எட்டு வயசுப் பையன். அவன் கையில் விசை கனமாக இருப்பதுதான் பாதுகாப்பு.

இப்போது கனம் அப்படியே இருக்கிறது, இழுப்பு மட்டும் வழவழப்பு. பலூன் அதிகம் உடைகிறது. "உனக்கு நஷ்டமாச்சேப்பா" என்றேன். "உடைச்சவன்தான்டா திரும்ப வருவான்" என்றார்.

நண்பர்களே, நம் பட்டறையில் எது சேரவில்லை என்றாலும் உடனே அரத்தைத் தேடுகிறோம். செய்தவன் இதை ஏன் இப்படி வைத்தான் என்று ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு எடுப்போம். வீட்டுக்கு முதல் படிப்பாளியாக வந்திருக்கும் நம் கையை நம்பி, யாரோ ஒருவர் தன் விரலை வைக்கிறார்.

வரும் தீபத்துக்குக் கடைக்கு வாருங்கள். ஓசி ரவை கிடையாது! ஆனால் குறி தப்பினால் இனி விசையைக் குறை சொல்ல முடியாது.

- இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்