தீர்ப்போடு முடியலாமா?

இலங்கையை வங்குரோத்துக்குத் தள்ளியதில் கோட்டாபய, மகிந்த, பசில் ராஜபக்ச உள்ளிட்டோர் மக்கள் வைத்த நம்பிக்கையை மீறினார்கள் என்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2023 நவம்பர் 14 அன்று பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. சுபீட்சம் தருவதாகச் சொல்லி ஆட்சிக்கு வந்தவர்கள் அவர்கள். 2019 இறுதியில் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாக வெட்டினார்கள், திறைசேரி காய்ந்தது. 2021இல் இரசாயன உரத்தைத் திடீரெனத் தடை செய்தார்கள். வயல்கள் விளைச்சல் இழந்தன. 2022இல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றே சிலர் உயிரைவிட்டார்கள்.

இத்தனைக்கும் கிடைத்த பரிகாரம், மனுதாரர்களுக்கு வழக்குச் செலவாகத் தலா 1,50,000 ரூபாய். இது போதாது.

உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு வழக்கில் இதே நீதிமன்றம் வேறு வழி காட்டியிருந்தது. எச்சரிக்கை கிடைத்தும் தடுக்கத் தவறிய முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று 2023 ஜனவரியில் உத்தரவிட்டது. நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்பேன் என்று 2015இல் வாக்குக் கேட்டவரும் அவர்தான். அந்த வாக்குறுதி அவர் பதவியில் இருந்தவரை நிறைவேறவில்லை. அதற்கு எந்த நீதிமன்றமும் தண்டனை தராது, வாக்காளர்தான் தர வேண்டும்.

பொருளாதாரக் குற்றம் அப்படியல்ல. நீதிமன்றமே பொறுப்பாளிகளைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டிவிட்டது. அவர்களிடமிருந்து நட்டத்தை அறவிடச் சட்டம் இடம் தராவிட்டால், அந்தச் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்ற வேண்டும்.