ஆலயப் படியில் பாசி

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் பதுளை, பசறை, லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களில் தை பிறக்கும்வரை நிலம் காய்வதில்லை. நமுனுகுல மலையிலிருந்து இறங்கும் மூடுபனி பகலிலும் கலையாது கிடக்கும். லயன்களுக்கு ஏறும் கற்படிகள், பீலியடி, ஆலய முற்றம், மாதா கெபியைச் சுற்றிய சீமெந்துத் தளம் எங்கும் பச்சைப் பாசி படர்ந்துவிடும். பார்வைக்கு அழகுதான். கொழுந்துக் கூடையைச் சுமந்து அதில் கால் வைப்பவருக்கே அதன் கொடுமை தெரியும்.

லேவியர் நூலின் 14ஆம் அதிகாரத்தை நாம் தொழுநோயாளரின் தூய்மைச் சடங்கோடு மூடிவிடுகிறோம். அதன் பிற்பகுதி வீட்டுச் சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ தோன்றும் பூசணத்தைப் பற்றியது. வீட்டுக்காரர் குருவுக்கு அறிவிக்க வேண்டும். குரு நேரில் சென்று பார்க்க வேண்டும். ஏழு நாள் வீட்டைப் பூட்டிவைத்து மீண்டும் வந்து பார்க்க வேண்டும். படர்ந்திருந்தால் கற்களைப் பெயர்த்து, சுவரைச் சுரண்டி, புதிய சாந்து பூச வேண்டும். பூசணமும் பாசியும் ஒன்றல்ல. ஆயினும் சுவரைப் பார்வையிடுவது குருவின் கடமை என்ற செய்தி குருமடத்தில் படித்த நாளில் எனக்குச் சிரிப்பை மூட்டியது. இப்போது சிரிப்பு வருவதில்லை.

நான் பொறுப்பாயிருந்த தோட்டத்துச் சிற்றாலயம் ஒன்றில், திருவருகைக் கால ஞாயிறன்று, திருப்பலிக்கு வந்த பாட்டி ஒருவர் படியில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அந்தப் பாசியை நான் அறியாதவனல்லன். ஆண்டுதோறும் திருவிழாவுக்கு முன் இளைஞர்கள் அதைச் சுரண்டினார்கள். ஒருமுறை, அழகாயிருக்கட்டுமென்று, படிகளுக்கு எண்ணெய் வர்ணம் பூசச் சொன்னவனும் நானே. நனைந்த வர்ணப் பூச்சு பாசிக்குச் சற்றும் குறையாமல் வழுக்கும். கூரைத் தண்ணீர் முழுவதும் அப்படிகளின் மீதே கொட்டிக்கொண்டிருந்தது. அதை மட்டும் யாரும் கவனிக்கவில்லை.

பாசிக்கு வேர் இல்லை. மெல்லிய இழைகளால் கல்லைப் பற்றிக்கொண்டு, நீரை உடலெங்கும் உறிஞ்சி வாழ்கிறது. ஆடிக் காற்றில் பழுப்பாகிச் செத்ததுபோல் கிடந்தாலும், முதல் மழையிலேயே பச்சை திரும்பிவிடும். ஆகவே அந்த வறண்ட நாள்களே சுரண்டுவதற்கு ஏற்றவை; காய்ந்த பாசி எளிதில் பெயரும். பிறகு பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றித் தேய்த்துக் கழுவலாம். அதனோடு கழிப்பறை கழுவும் அமிலத்தைக் கலந்தால் நச்சுவாயு எழும், கலக்கவே கூடாது. கழுவிய நீர் குடிதண்ணீர் ஊற்றுக்கு இறங்கவும் விடலாகாது. இவ்வளவு செய்தும் தண்ணீரைத் திருப்பாமல், நிழற்கிளைகளைக் கழிக்காமல் விட்டால் அடுத்த மழையில் அதே பாசிதான்.

கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியின் தண்டிலுள்ள பாசியைத் தேய்த்தெடுப்பது தோட்டத்தில் ஒரு வேலையாகவே கணக்கிடப்படுவதை எம்மவர் அறிவர். செடிக்கு அந்தக் கவனிப்பு உண்டு. அதே கைகள் வீடு திரும்பும் படிக்கு இல்லை. லயன் படி யாருடைய பொறுப்பு என்று தோட்டமும் குடியிருப்போரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க, விழுந்தவருக்குப் பல வாரச் சம்பளம் போய்விடுகிறது.

அவ்வாண்டு கிறிஸ்து பிறப்புக் குடிலுக்கென ஒதுக்கிய பணத்தில், கூரைத் தண்ணீரை ஒதுக்கத் தகரப் பீலி வாங்கினோம். குடிலை மூங்கிலாலும் மானாப்புல்லாலும் கட்டி, படியில் சுரண்டிய பாசியையே இளைஞர்கள் அதில் விரித்தார்கள். நற்கருணையோடு பாட்டியின் லயனுக்குச் சென்றபோதுதான் அங்கிருந்த பதினொரு படிகளையும் முதன்முதலாகப் பார்த்தேன். அவற்றிலும் பாசி. அடுத்த சனிக்கிழமை சுரண்டியோடு மீண்டும் சென்றோம்.