திறக்கச் சொல்லும் திரை

கடலூர்த் துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் கூண்டு ஏறியிருக்கிறது என்று கேட்டறிந்து கடலுக்குப் போவதா வேண்டாமா என முடிவு செய்யும் மக்கள் நம்மிடையே வாழ்கிறார்கள். ஆனால், நம் கணிப்பொறியில் நாள்தோறும் வந்து விழும் மின்னஞ்சல்களுக்கு எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார் எவருமில்லை. எது கடிதம், எது கண்ணி என்று நாமே கண்டுகொள்ள வேண்டியிருக்கிறது.

2000-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் ‘ஐ லவ் யூ’ என்னும் தலைப்புடன் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து ஒரு மடல் கிளம்பியது. அதனுடன் ஒரு காதல் கடிதம் இணைக்கப்பட்டிருந்தது. கோப்பின் பெயர் சாதாரண எழுத்துக் கோப்பைப் போல ‘டி.எக்ஸ்.டி.’ என முடிவதாகத் தோன்றும். அதன் பின்னே இருந்த ‘வி.பி.எஸ்.’ என்ற உண்மையான வாலை விண்டோஸ் மறைத்து வைத்துவிட்டது! திறந்தவரின் முகவரிப் பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும் அது தன்னைத் தானே அனுப்பிக்கொண்டது. படக் கோப்புகளின் மேல் தன் நகலை எழுதி அவற்றை நாசமாக்கியது. பிரிட்டிஷ் நாடாளுமன்றமே தன் மின்னஞ்சலை நிறுத்திவைக்க நேர்ந்தது. இதை இயற்றிய ஓனெல் டி குஸ்மான், மணிலாவில் கணிப்பொறிக் கல்லூரியில் படித்தவர். ஏறத்தாழ நம் வயதினர்தாம்! அந்நாட்டில் அன்று இதற்கெனச் சட்டம் இல்லாமையால் வழக்குக் கைவிடப்பட்டது. நம் நாட்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அதே ஆண்டு அக்டோபர் 17 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. விளையாட்டாகச் செய்து பார்க்க எண்ணும் நண்பர்கள் அதன் 66-ஆம் பிரிவைப் படித்துக்கொள்வது நலம்.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த மடல் முன்பின் அறியாதவரிடமிருந்து வரவில்லை. தெரிந்தவர் பெயரிலேயே வந்தது. ‘தெரியாதவர் மடலைத் திறக்காதே’ என்று நமக்குச் சொல்லப்படும் அறிவுரை பாதி உண்மைதான்.

இன்று காதலைக் காட்டி மயக்குவோர் குறைவு. அச்சமும் ஆசையுமே தூண்டில் முள். ‘உங்கள் உதவித்தொகை நிலுவையில் உள்ளது’, ‘இன்று மாலைக்குள் பதிவு செய்யாவிடில் விண்ணப்பம் ரத்து’ என்றெல்லாம் வருகின்றன. வங்கதேசத்தின் மத்திய வங்கி 2016 பிப்ரவரியில் 8 கோடியே 10 லட்சம் டாலரை இழந்ததே, அதன் தொடக்கம் வேலை கேட்டு விண்ணப்பிப்பது போல முந்திய ஆண்டு வந்த மின்னஞ்சல்கள் என்று அமெரிக்க நீதித் துறையின் குற்றச்சாட்டு கூறுகிறது. விண்ணப்பம் அனுப்புவோரும் ஏமாறலாம், விண்ணப்பத்தைப் பெறுவோரும் ஏமாறலாம் என்பதே இதன் பொருள்.

சிதம்பரத்திலிருந்து என்னுடன் பேருந்தில் வரும் முதுகலை வகுப்பு அக்கா ஒருவருக்கு உதவித்தொகை பற்றி அப்படியொரு மடல் வந்தது. இணைப்பு ஒரு சுருக்கப்பட்ட கோப்பு. அதைத் திறக்கும் கடவுச்சொல்லும் மடலிலேயே இருந்தது. பூட்டையும் சாவியையும் ஒரே கையால் நீட்டுபவனை நாம் ஐயுற வேண்டாமா? கடவுச்சொல்லிட்டுப் பூட்டுவதே வைரஸ் தடுப்பு மென்பொருள் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான். அவர் திறந்தார். அரை மணி நேரத்தில் பென்டிரைவில் இருந்த ஆய்வேட்டின் ஒவ்வொரு கோப்பும் புரியாத வாலொன்றை முளைக்கவிட்டுத் திறக்க மறுத்தது. பணம் கேட்டு ஒரு குறிப்பு மட்டும் திறந்தது. அச்செடுத்த பழைய படி ஒன்று வீட்டில் இருந்ததால் பிழைத்தார். ஆனாலும் நாற்பது பக்கத்தை மீண்டும் தட்டச்சுச் செய்தார்.

அவரை ‘படித்தவள் இப்படிச் செய்யலாமா’ என்று கேட்டவர்கள் பலர். நான் அவர்கள் கட்சியில் சேர மாட்டேன். நமக்கு வரும் உண்மையான அறிவிப்புகளே எப்படி வருகின்றன? யாரோ ஒருவரின் சொந்த ஜிமெயில் முகவரியிலிருந்து, கையொப்பமின்றி, ‘உடனே பார்க்கவும்’ என்ற ஒற்றை வரியுடன் ஓர் இணைப்பு! மெய்யும் பொய்யும் ஒரே உடையில் வந்தால் பிரித்தறியாதவரை மட்டும் குறை சொல்வது எங்ஙனம் நியாயமாகும்?

கண்டறியும் வழி இல்லாமலில்லை. தோன்றும் பெயரை நம்பாமல் ‘@’ குறிக்குப் பின்னுள்ள முகவரியைப் படிக்கலாம். கோப்பைத் திறந்ததும் ‘எனேபிள் கன்டென்ட்’ என்று கெஞ்சினால் மூடிவிடலாம். சிதம்பரத்தில் திரையை விலக்கினால் தெரிவது வெட்டவெளி. இங்கே திரைக்குப் பின்னால் மேக்ரோ என்னும் கட்டளைத் தொகுதி காத்திருக்கும். ஐயம் எழுந்தால் அந்த மடலுக்கே பதில் எழுதிக் கேட்பது வீண். நமக்கு முன்பே தெரிந்த எண்ணில் அழைத்துக் கேட்க வேண்டும். திறந்துவிட்டால்? முதலில் இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு, வெட்கப்படாமல் ஆய்வகப் பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். கடவுச்சொற்களை வேறொரு கணிப்பொறியில் மாற்றலாம். பணம் போயிருந்தால் 1930-ஐ அழைக்கத் தாமதிக்கலாகாது. ஆய்வேட்டின் ஒரு நகலை எந்தக் கணிப்பொறியிலும் செருகாமல் தனியே வைத்திருப்பது எல்லாவற்றுக்கும் மேல்.

பெரிய இடங்களும் இதற்கு விலக்கல்ல. கூடங்குளம் அணுமின் நிலையத்தில் அப்படி எதுவுமில்லை என்று 2019 அக்டோபர் 29-இல் அறிக்கை வந்தது. மறுநாளே, நிர்வாகப் பணிக்கான கணிப்பொறி ஒன்றில் தீநிரல் இருந்தது உண்மை என அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. உலையின் கட்டுப்பாட்டு அமைப்பு இணையத்தோடு சேராமல் தனித்திருந்ததாகவும் சொன்னது.

நம் கல்லூரி நிர்வாகத்துக்கு என் வேண்டுகோள் ஒன்றே. அறிவிப்புகள் யாவும் கல்லூரியின் ஒரே முகவரியிலிருந்து, அனுப்புபவரின் பெயரும் பதவியும் தாங்கி வரட்டும். அந்த முகவரியையும், ஐயம் கேட்க ஒரு தொலைபேசி எண்ணையும் கணிப்பொறிக் கூடத்தின் வாசலில் எழுதி ஒட்டட்டும். எழுதி ஒட்டும் வேலையை எங்கள் வகுப்பினர் மூவர் ஏற்றுக்கொள்ள ஆயத்தமாக இருக்கிறோம்.