‘எடிட்டர்’ என்னும் முன்னொட்டு

திருவனந்தபுரம் மாவட்டத்தில், 22 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே நிற்கும் பொன்முடியின் பெயரைத் தமிழுக்கு மொழிபெயர்க்க வேண்டியதில்லை. பொன்னும் முடியும் இரு மொழிக்கும் பொதுச்சொற்கள். அதே மலைத்தொடருக்குக் கிழக்கே உள்ள தென்காசியின் நிலை வேறு. ரஃபி–மெக்கார்ட்டின் இரட்டையர் 2000இல் மலையாளத்தில் எடுத்த ‘தெங்காசிப்பட்டணம்’ படத்தின் தலைப்பு, மலைக்கு அப்பாலுள்ள ஒரு தமிழூரை மலையாளப் பார்வையாளரின் மனத்தில் எழுப்பும். ஆந்திரத்தில் அந்தப் பெயர் எதையும் எழுப்பாது. எனவே மறுஆண்டே அது தெலுங்கில் ‘ஹனுமான் ஜங்ஷன்’ ஆயிற்று. விஜயவாடாவுக்கும் ஏலூருக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலை ஊரின் பெயர் அது. ஊர்ப்பெயருக்கு ஊர்ப்பெயரே ஈடு. எந்த அகராதியிலும் கிடைக்காத ஈடு. படத்தைத் தயாரித்தவர் எடிட்டர் மோகன். இயக்கியவர் அவருடைய மூத்த மகன் ராஜா.

திருமங்கலத்திலிருந்து சென்னைக்கு வந்து, படத்தொகுப்பு மேசையில் தொழில் பழகி, பின்னர் தயாரிப்பாளரான மோகனைப் பற்றித் தமிழ்த் திரைப்பட ஆய்வுகள் ஏறத்தாழ மௌனம் காக்கின்றன. காரணம் ஊகிக்கக்கூடியதே. அவர் தயாரித்தவற்றில் பெரும்பகுதி மறுஆக்கம். ‘ரீமேக்’ என்ற சொல்லைக் கேட்டதும் நம் கல்விப்புலம் முகம் சுளிக்கிறது. கம்பனின் தழுவலுக்குக் கருத்தரங்கம் நடத்தும் துறைகள், திரைப்படத் தழுவலை வணிகக் கணக்கு என்று ஒதுக்குவது விந்தையே.

மறுஆக்கம் என்பது வெட்டவும் ஒட்டவும் தெரிந்தவரின் வேலை. எந்தக் காட்சி எல்லை கடந்தும் நிற்கும், எது உதிரும், எங்கே ஒன்றை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்க வேண்டும் என்பன படத்தொகுப்பாளர் அன்றாடம் தீர்க்கும் கேள்விகள். மோகனின் தொழில்வாழ்வு இரண்டாகப் பிளந்ததாகச் சொல்வது வழக்கம்: முதலில் எடிட்டர், பிறகு தயாரிப்பாளர். முதல் தொழிலே இரண்டாவதில் தொடர்ந்தது என்று கொள்வதே பொருத்தம். மம்மூட்டி நடித்த ‘ஹிட்லர்’ (1996) அடுத்த ஆண்டே சிரஞ்சீவியுடன் தெலுங்குக்குப் போனது. தேஜாவின் ‘ஜெயம்’ (2002) அடுத்த ஆண்டே தமிழுக்கு வந்தது. நாயகி சதாவும் வில்லன் கோபிசந்தும் இரண்டிலும் அவர்களே.

மிகச் செறிவான சான்று ‘எம். குமரன் சன் ஆஃப் மகாலட்சுமி’ (2004). பூரி ஜெகந்நாத்தின் தெலுங்கு மூலத்துக்குத் தலைப்பே ‘அம்மா நானா ஓ தமிழ அம்மாயி’. அம்மா, அப்பா, ஒரு தமிழ்ப் பெண். தமிழ்ப் பெண் தமிழ்நாட்டில் அயலாள் ஆக முடியாது. ஆகவே தமிழில் நாயகி மலையாளியாகிறாள், பெயரும் மலபார். இரு படங்களிலும் நடித்தவர் அசின். அதே முகம், அதே அயல்தன்மை. மாறியது மொழியடையாளம் மட்டும். பிரிந்து வாழும் தந்தையின் இடமும் மாறுகிறது: தெலுங்கில் விசாகப்பட்டினம், தமிழில் மலேசியா. கடல் தாண்டிப் போன தந்தையரைத் தலைமுறை தலைமுறையாக அறிந்த சமூகத்தில் அந்த ஒரு மாற்றம் கதைக்குப் புதிய வரலாற்றையே தந்துவிடுகிறது. சமூகமொழியியல் வகுப்பில் ‘அயலார் யார்’ என்பதை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அரிது.

பெயர் விஷயத்தையும் விட முடியாது. ‘படத்தொகுப்பாளர்’ என்ற சொல் தமிழில் நிலைபெற்றுவிட்டது. ஆயினும் ‘படத்தொகுப்பாளர் மோகன்’ என்று எவரும் சொல்வதில்லை. தொழில் மாறிய பின்னும் ‘எடிட்டர்’ அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அவர் தயாரித்த படத்தின் தலைப்போ மகன்களுக்கு முன்னொட்டாகி, ‘ஜெயம்’ ராஜா, ‘ஜெயம்’ ரவி என்றாயிற்று. மூத்தவர் பின்னர் மோகன் ராஜா ஆனார். 2025 ஜனவரியில் இளையவர் ரவி மோகன் என்று அறிவித்துக்கொண்டார். படத்தின் பெயர் உதிர்ந்து தந்தையின் பெயர் வந்து அமர்ந்தது.

‘ரீமேக் ராஜா’ என்ற ஏளனத்தை மகனும் சுமந்தார். ‘தனி ஒருவன்’ (2015) வந்த பிறகே அது ஓய்ந்தது. அவரே 2022இல் மலையாள ‘லூசிஃப’ரைச் சிரஞ்சீவியை வைத்துத் தெலுங்கில் ‘காட்ஃபாதர்’ ஆக்கினார். தந்தை ‘ஹிட்லரை’க் கொண்டுபோய் 25 ஆண்டுகள் கழித்து, அதே மொழியிலிருந்து அதே மொழிக்கு, அதே நடிகருக்கு. மலையாளத்தில் டொவினோ தாமஸ் ஏற்ற தம்பிப் பாத்திரம் தெலுங்கில் இல்லவே இல்லை: முழுமையான ஒரு வெட்டு. ஆனால் அதற்குள் ‘லூசிஃபர்’ தெலுங்கு ஒலிமாற்றத்தோடு வெளியாகிவிட்டிருந்தது. பார்வையாளர் வெட்டப்பட்டது எது என்பதை அறிந்தே அரங்கினுள் அமர்ந்தார்.

ஒலிமாற்றமும் துணைவசனமும் பரவிய இக்காலத்தில், ஊருக்கு ஊர், உறவுக்கு உறவு ஈடு தேடும் அந்தத் தொழில் சுருங்கி வருகிறது. அதைச் செய்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யலாம். மூலத்தையும் மறுஆக்கத்தையும் காட்சிவாரியாக அருகருகே வைத்து ஒப்பிடலாம். இயக்குநர்களின் ஆளுமை குறித்து ஆண்டுதோறும் ஆய்வேடுகளை ஏற்கும் துறைகள், ஒரு படத்தொகுப்பாளரின் முடிவுகளைப் பற்றி ஒன்றையேனும் ஏற்கட்டும். ‘தெங்காசிப்பட்டண’மும் ‘ஹனுமான் ஜங்ஷ’னும் தமிழில் வந்த ‘தென்காசிப்பட்டண’மும் (2002) தொடக்கத்துக்குப் போதும்.