பார்வையை மறைக்கும் இமை

ஃபஜ்ருக்குப் பின் குர்ஆனை விரித்து ஓத அமரும் உங்கள் உம்மாவைச் சற்றுக் கூர்ந்து கவனித்ததுண்டா? புருவங்களை உயர்த்தி, விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓதுகிறார்களா? சிறிது நேரத்திலேயே, "நெற்றி வலிக்கிறது" என்று மூடி வைத்து விடுகிறார்களா? "வயதாகிவிட்டது, கண் மங்கிவிட்டது" என்று நாம் எளிதில் முடிவு கட்டிவிடுகிறோம். சிலருக்குக் குறை கண்ணில் இல்லை; திரைபோல் தொங்கும் இமையில் இருக்கிறது.

நம் உடலிலேயே மிக மெல்லிய தோலை வல்ல நாயன் இமைக்குத்தான் அமைத்திருக்கிறான். வயது ஏற ஏற அத்தோல் தளர்ந்து மடிந்து தொங்குகிறது. மேலிமையை உயர்த்தும் தசையின் நாணும் நாளடைவில் நீண்டு நழுவ, இமையின் விளிம்பே இறங்கிக் கண்மணியை மறைக்கிறது. கீழிமை உட்புறம் மடிந்தால் இமைமயிர் கருவிழியை உரசிப் புண்ணாக்கும். வெளிப்புறம் பிதுங்கினால் ஓயாது நீர் வடியும். கண்ணுக்குக் கீழே பைபோல் தோன்றும் வீக்கமோ பெரும்பாலும் முன்தள்ளிய கொழுப்பேயாகும். அதனால் பார்வைக்குக் கேடில்லை.

தொங்கும் தோலை அகற்றும் எண்ணெயோ களிம்போ கிடையாது. பார்வையை மறைக்குமாயின் அறுவை சிகிச்சையே வழி. மிகுந்த தோலை நீக்குவர். நழுவிய நாணை இழுத்துத் தைப்பர். பெரும்பாலும் இமையை மட்டும் மரத்துப்போகச் செய்தே இதைச் செய்வதால், அன்றே வீடு திரும்பலாம். ஏறத்தாழ ஒரு வாரத்தில் தையல் பிரிக்கப்படும். வீக்கம் தணிய இரண்டு வாரங்கள் வரை ஆகலாம். அளவு மீறித் தோலை எடுத்துவிட்டால் கண் முழுவதும் மூடாமல் உலர்ந்துபோகும். ஆகவே, இதில் தேர்ந்த கண் மருத்துவரையே நாடுங்கள். ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் உட்கொள்வோர் அதை முன்னரே தெரிவிக்க வேண்டும், தாமாக நிறுத்தலாகாது.

"அல்லாஹ்வின் படைப்பை மாற்றலாமா?" என்று பெரியவர்கள் தயங்குவதுண்டு. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் தங்கத்தால் மூக்குப் பொருத்திக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. குறையை நீக்கும் சிகிச்சை வேறு. அழகை மட்டும் நாடுவது வேறு. பின்னதைக் குறித்து ஆலிம்களைக் கேட்டறிக.

காயம் ஆறும்வரை நீர் படாமல் காக்கவும், தலையைத் தாழ்த்தாதிருக்கவும் மருத்துவர் கூறக்கூடும். அந்நாட்களில் உளூவும் ஸுஜூதும் எவ்வாறு என்பதை உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்தே இருக்கிறது.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. இமை திடீரெனத் தொங்கினாலோ, அதனுடன் கடுந்தலைவலியோ, காண்பவை இரண்டாகத் தெரிவதோ இருந்தாலோ, அது முதுமையன்று. மூளை நரம்பின் ஆபத்தாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். காலையில் சரியாக இருந்து மாலையில் தொங்கும் இமையையும், ஆறாத கட்டியையும் மருத்துவரிடம் காட்டாமல் விடாதீர்கள்.

நம்மைக் கண்ணை இமை காப்பதுபோல் வளர்த்தவர்கள் அவர்கள். இன்றே அவர்களை எதிரில் அமர்த்தி, அந்த இமைகளை ஒருமுறை உற்று நோக்குங்கள். அவர்கள் ஓதும் குர்ஆன் இன்னும் பல்லாண்டு நம் இல்லங்களில் ஒலிக்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.